கோடரியை எங்கே வைத்தாய்? அன்ரெயில்டு விளையாடத் தொடங்குவோருக்கு

ரயில் ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் முன்னால் சில தண்டவாளத் துண்டுகள்தான் கிடக்கின்றன. அப்பால் காடு, பாறை, ஆறு. பிரேக் கிடையாது. நீங்களும் நண்பர்களும் மரம் வெட்டி, இரும்பு உடைத்து, தண்டவாளம் செய்து, அதன் முன்னால் போட்டுக்கொண்டே ஓட வேண்டும். பாதை தீர்ந்தால் ரயில் கவிழும், ஆட்டம் முடியும். ஸ்விட்சர்லாந்தின் இண்டோர் ஆஸ்ட்ரோநாட் குழு உருவாக்கி, 2020 செப்டம்பரில் முழு வடிவில் வெளிவந்த அன்ரெயில்டு (Unrailed!) என்ற வீடியோ விளையாட்டு இவ்வளவுதான்.

விதிகள் பத்து நிமிடத்தில் பிடிபடும். ஆனாலும் நாங்கள் நால்வர் உட்கார்ந்த முதல் இரவில் ரயில் முதல் நிலையத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைவேகம் போதாமல் தோற்றோம் என்று நினைத்தோம். இல்லை. கோடரியை ஒருவர் பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டுத் தண்டவாளம் எடுக்க ஓடியிருந்தார். மற்ற மூவரும் "கோடரி யாரிடம்?" என்று கத்திக்கொண்டிருந்தோம். கீழே உள்ள பெரும்பாலான படிகள் அந்தக் கத்தலில் இருந்து வந்தவை.

படி 1: தொடங்குமுன்

நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஒரே திரை முன்னாலும் உட்காரலாம், இணையம் வழியாகவும் இணையலாம். இணையம் என்றால் குரல் அழைப்பு கட்டாயம். பேசாமல் இதை ஆட முயல்வது வீண். முடிவில்லாப் பயணம் செல்லும் வகையைத் தேர்ந்தெடுங்கள், கடின அளவை எளிதில் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நண்பர்கள் வரத் தாமதமானால் தனியாளாக ஒரு ரோபோவுக்குக் கட்டளையிட்டு ஆடிப் பழகலாம். அது சொன்னதைச் செய்யும், எதிர்த்துப் பேசாது.

படி 2: பெட்டிகளை அறியுங்கள்

எஞ்சினோடு மூன்று பெட்டிகள் வரும்: தண்ணீர்த் தொட்டி, சரக்குப் பெட்டி, தண்டவாளம் செய்யும் பட்டறைப் பெட்டி. மரக்கட்டையையும் இரும்பையும் சரக்குப் பெட்டியில் போட்டால் பட்டறை தானாக எடுத்துக்கொள்ளும். கணக்கு எளிது: 1 கட்டையும் 1 இரும்பும் சேர்ந்தால் 1 தண்டவாளம். இரும்பு இல்லாமல் கட்டையை மட்டும் குவித்தால் ஒரு துண்டுகூட வராது. புதியவர்கள் மரத்தையே வெட்டித் தள்ளுவார்கள், ஏனென்றால் மரம் அருகில் நிற்கும். "இப்போது எது குறைவு?" என்று அடிக்கடி கேட்க ஒருவர் வேண்டும்.

படி 3: வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கோடரி ஒன்று, பிக்காசு ஒன்று, வாளி ஒன்று. நால்வருக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கருவியைப் பிடிக்கலாம், அல்லது ஒரே வகைப் பொருளைச் சுமக்கலாம். இரண்டும் சேர்ந்து முடியாது. மரத்தையோ இரும்புப் பாறையையோ நோக்கி உரிய கருவியோடு நின்றால் வெட்டு தானாக விழும், பொத்தானை அடிக்க வேண்டியதில்லை.

நால்வர் இருந்தால் ஒருவர் வெட்ட, ஒருவர் உடைக்க, ஒருவர் சுமக்க, ஒருவர் தண்டவாளம் போட வேண்டும். இருவர் மட்டும் என்றால் ஒருவர் கருவிகளோடும், மற்றவர் சுமப்பதும் போடுவதுமாகவும் இருப்பது நல்லது. வேலையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வாய்விட்டுச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். இருவர் ஒரே கட்டைக்காக ஓடும் நேரத்தில் ரயில் இரண்டு அடி முன்னேறியிருக்கும்.

படி 4: வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எடுப்பது எவருக்கும் வரும். இந்த ஆட்டத்தில் தேர்ச்சி என்பது வைப்பதில் இருக்கிறது. கையில் இருப்பதைக் கீழே வைத்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும். ஆகவே ஒவ்வொரு சில நொடிக்கும் எதையோ எங்கோ வைத்துக்கொண்டேயிருப்பீர்கள். அந்த "எங்கோ" தான் குழுவைக் கவிழ்க்கிறது.

எங்கள் குழுவில் நிலைத்த பழக்கங்கள் இவை. கோடரியும் பிக்காசும் ரயிலுக்கு முன்னால், தண்டவாளம் போகப்போகும் வரிசைக்கு ஓரடி தள்ளி இருக்கும். வரிசைக்குள்ளேயே வைத்தால் தண்டவாளம் போடுபவர் அதை நகர்த்துவதில் நேரத்தை விடுவார். ரயிலுக்குப் பின்னால் வைத்தால் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். ரயிலே ஒரு நகரும் சுவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோடரி அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம் என்றால் அதைச் சுற்றி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

கட்டைகளை வெட்டிய இடத்திலேயே சிதறவிடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் சுமப்பவர் மூன்றை ஒரே நடையில் தூக்கிப் போவார். வாளிக்கு எப்போதும் ஒரே இடம்: எஞ்சினுக்கு அருகில். யாரும் தேடவே கூடாத பொருள் அது.

படி 5: பாதையைப் போடுங்கள்

தண்டவாளம் போடுபவர் ரயிலைப் பார்க்கக் கூடாது. திரையின் முன்விளிம்பைப் பார்க்க வேண்டும். கருப்புப் பாறையை எந்தக் கருவியாலும் உடைக்க முடியாது. அது தென்பட்ட உடனே வளைவைத் தொடங்கி, வெட்டுபவருக்கும் உடைப்பவருக்கும் "மேல் பக்கம்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டபடி வெட்டாமல் பாதையில் நிற்கும் மரத்தையும் பாறையையும் முதலில் தாக்கினால் வழியும் திறக்கும், பொருளும் கிடைக்கும்.

கடைசித் துண்டைத் தவறாகப் போட்டுவிட்டால், ரயில் அதை எட்டாதவரை எடுத்து மாற்றலாம். நேரம் வாங்க வளைத்து வளைத்துப் போடுவது பற்றி நண்பர்கள் வாதிடுவார்கள். என் கருத்து: கையில் உபரித் துண்டுகள் இருந்து, முன்னால் வழி அடைத்திருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு வளைவும் ஒரு கட்டையையும் ஓர் இரும்பையும் விழுங்குகிறது.

படி 6: தண்ணீரும் ஆறும்

எஞ்சின் சூடாகும், தொட்டி வற்றினால் தீப்பிடிக்கும், பிறகு பெட்டிகளுக்குப் பரவும். வாளியில் ஆற்று நீரை மொண்டு தொட்டியில் ஊற்றுங்கள். தீயையும் அதே வாளிதான் அணைக்கும். ஆற்றைக் கண்டபோதே, தொட்டி பாதி நிறைந்திருந்தாலும் ஊற்றிவிடுங்கள். ஆறே வழியை மறித்தால் மரக்கட்டைகளைத் தண்ணீர் மேல் வைத்துப் பாலமாக்கி அதன்மேல் தண்டவாளம் போடலாம். அதற்குக் கூடுதல் கட்டை செலவாகும் என்பதால் ஆறு தெரிந்ததுமே வெட்டத் தொடங்குங்கள்.

படி 7: நிலையம்

தண்டவாளம் நிலையத்தோடு இணைந்ததும் ரயில் வேகமெடுத்துத் தானாகப் போய்ச் சேரும். அதுவரை மூச்சுவிடாதீர்கள், இணையாத ஒரே ஒரு கட்டம் எத்தனையோ முறை எங்களை அழவைத்திருக்கிறது.

நிலையத்தில் போல்ட் கிடைக்கும். வழியில் எளிதில் எட்டாத இடங்களிலும் போல்ட்கள் கிடக்கும். பாதை முன்கூட்டியே தயாராக இருந்தால் மட்டும் ஒருவரை அனுப்புங்கள். போல்ட்களைக் கொண்டு பெட்டிகளை மேம்படுத்தலாம், புதியவற்றை வாங்கலாம். முதல் செலவு பட்டறைப் பெட்டிக்கு என்பேன், ஏனெனில் ஒவ்வொரு நிலையத்துக்குப் பிறகும் ரயில் சற்றே வேகம் பிடிக்கும். பளபளப்பான புதிய பெட்டியைப் பார்த்ததும் ஒருவர் கெஞ்சத் தொடங்குவார். எஞ்சினை மேம்படுத்தினால்தான் அதிகப் பெட்டிகளை இழுக்க முடியும் என்று சொல்லி அவரை அடுத்த நிலையம் வரை காத்திருக்க வையுங்கள்.

புல்வெளி முடிந்தால் பாலைவனம், பிறகு பனி என்று நிலம் மாறும். சரக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் கொள்ளையரும் வருவார்கள். அதற்குள் நான்காம் படி பழகியிருந்தால், அவர்கள் கைக்கு எட்டும்படி கட்டைகள் சிதறிக் கிடக்காது.