பெயர் வெட்டும் முன் குத்துவிளக்கைக் கழற்றும் முறை

கும்பகோணத்தில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவது என் தொழில். கல்யாணச் சீருக்காகப் பாட்டி காலத்து நாச்சியார்கோவில் விளக்குகளைக் கொண்டு வருவார்கள். முழு விளக்கில் வெட்ட முடியாது. உருளும், உளி சறுக்கும். கழற்றித்தான் ஆகவேண்டும்.

மேலிருந்து தொடங்குங்கள். முதலில் உச்சியில் அன்னம் இருக்கும் பிரபை, அப்புறம் தட்டு, தண்டு, கடைசியில் அடிப்பாகம். எல்லாம் மரைதான்; இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும்.

பழைய விளக்கு லேசில் கழலாது. எண்ணெய்ப் பிசுக்கும் பச்சைக் களிம்பும் மரையில் இறுகிக் கிடக்கும். இணைப்பில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சூடேற்றி, ஈரமில்லாத துண்டால் பிடித்துத் திருகுங்கள். சின்னதாக 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் மரை விட்டுக்கொடுக்கும் சத்தம். பிளேயரை மட்டும் வைக்காதீர்கள். பல் பதிந்த தடம் பித்தளையில் போகவே போகாது.

ஜோடி விளக்கா? பாகங்களைத் தனித்தனித் துணியில் முடிந்து வையுங்கள். ஒருமுறை நான் கலந்துவிட்டேன். ஒன்றின் தண்டு மற்றதில் ஏறவில்லை, அரை நாள் போயிற்று. மரையைக் கையால் பொருத்திய காலத்து வேலை அது.

அடிப்பாகம் உள்ளே குழிவு. அதைக் கவிழ்த்து ஈர மணல் மூட்டையில் அழுத்தி உட்காரவைத்தால் சுத்தியல் அடி அதிராது, எழுத்து நேராக விழும். வெட்டியபின் புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மரையில் துளி தேங்காயெண்ணெய் தடவிப் பூட்டுங்கள்.