மலைக் கல்லூரி வகுப்பறையில் ஆசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரிக் கல்லூரிகளுக்குச் சமவெளியிலிருந்து வேலைக்கு வருகிற ஆசிரியர்கள் பலர் உண்டு. நானும் அப்படி வந்தவன்தான். ஊட்டியில் முதல் ஆண்டு நான் செய்த பெரிய தவறு, மணி அடித்தபின் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தியது.

ஜூலை மாதத்து மழைக்காலை. கூடலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி கதவோரம் நின்றாள். மடக்கிய குடையிலிருந்து சொட்டிய நீர் அவள் காலடியில் குளமாகத் தேங்கியது. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை; நடுவட்டம் அருகே மரம் விழுந்து பஸ் நின்றிருக்கிறது. நான் காரணம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சக மாணவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த இரண்டு நாள் அவள் கல்லூரிக்கே வரவில்லை.

தாமதத்தைக் கண்டும் காணாமல் விடச் சொல்லவில்லை. கேன்டீனில் உட்கார்ந்துவிட்டு வருகிறவனும் இருக்கிறான். ஆனால் காரணத்தை எல்லார் முன்னிலையிலும் விசாரிக்கக் கூடாது. தாமதமாக வருகிறவர் சத்தமின்றிக் கடைசி பெஞ்சில் அமர வேண்டும். வகுப்பு முடிந்ததும் என்னிடம் காரணம் சொல்ல வேண்டும். இதை இப்போது முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். தாமதமாக வருகிறவர் புதுப் பாடத்தைத் தவறவிடாதபடி, முதல் பத்து நிமிடம் பழைய பாடத்தில் கேள்விகள் மட்டும்தான்.

வருகைப்பதிவை மிரட்டலாக வைத்திருப்பதும் தவறு. 75 விழுக்காடு வேண்டும் என்று ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் சொல்லி என்ன பயன்? பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடுப்பு எடுக்கலாம் என்று முதல் வாரமே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அகமதிப்பெண்ணைக் குறைப்பேன் என்ற பேச்சும் அப்படியே: ஒருமுறை பயம் வரும், பிறகு வெறுப்புதான் மிஞ்சும்.

ஒருவனை எல்லார் முன்பும் திட்டினால் அது அவனோடு நிற்காது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் குளத்தில் பரவும் அலைக்கு ஒப்பிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது பேரும் அன்றிலிருந்து வாய் திறக்கத் தயங்குவார்கள்.

பின்வரிசையில் படுக மொழியில் முணுமுணுப்பு கேட்டால் நம்மைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். நானும் ஒருநாள் சினந்து எழுப்பி நிறுத்தினேன். நான் ஆங்கிலத்தில் சொன்ன கலைச்சொல்லுக்குத் தோழனிடம் பொருள் விளக்கிக்கொண்டிருந்தான் அந்தப் பையன்! மன்னிப்புக் கேட்டேன், வகுப்பிலேயே கேட்டேன். படுகர், தோடர், கோத்தர், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தேயிலைத் தோட்டக் குடும்பத்தார், மலையாளம் பேசுவோர் எல்லாரும் ஒரே அறையில் அமரும் ஊர் இது. இரண்டு நிமிடம் தங்கள் மொழியில் பேசிக்கொள்ள விட்டுப் பிறகு விடை கேட்டால் வகுப்பு நன்றாக நடக்கிறது.

அமைதியை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் விடைகள் நீண்டன. கல்லூரியிலும் இது செல்லும் என்று என் அனுபவத்தில் கண்டேன். கேள்வி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். பெரும்பாலும் நான்கிலேயே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்துவிடுகிறது.