பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் யாரிடம் கேட்பது?

சிங்கப்பூரில் நிறைய ஜோடிகள் கல்யாணத்துக்கு முன்பே பிடிஓ வீட்டுக்கு (விண்ணப்பித்தவர்களுக்காக அரசாங்கம் கட்டித்தரும் புது அடுக்குமாடி வீடு) விண்ணப்பித்துவிடுகிறார்கள். அதனால் இவரைக் கட்டலாமா என்ற ஆலோசனையையும் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முதலில் ஜெபம். அப்புறம், உங்களை நன்றாக அறிந்த, "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய விசுவாசிகளைத் தேடுங்கள். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா முதியோர் சொன்னதைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டுத்தான் பத்துக் கோத்திரங்களை இழந்தான் (1 இராஜாக்கள் 12), ஆகவே செல் குரூப் (சபையின் சிறு ஐக்கியக் குழு) நண்பர்களோடு நிறுத்திவிடாமல், பல வருஷம் குடும்பம் நடத்திய அங்கிள் ஆன்ட்டியிடமும் உட்கார்ந்து பேசுங்கள். ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும் போதகரைப் பிடிக்காதீர்கள், தனியாக நேரம் கேளுங்கள். கடன், சம்பளம், பெற்றோரின் எதிர்ப்பு எதையும் மறைக்காதீர்கள். சிபிஎஃப் (சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) கணக்கையெல்லாம் பண விவரம் தெரிந்தவரிடம் கேட்டால் போதும். "இவரைத்தான் கட்டவேண்டும் என்று கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று யாராவது அழுத்தினால் அவசரப்படாதீர்கள், வேதத்தோடு ஒத்துப்பார்த்து, இன்னொருவரிடமும் கேளுங்கள்.