பனிக்காலத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள்: உள்ளரங்க மலைச் சைக்கிள் பூங்கா தொடங்க நினைப்பவர்களுக்கு

நவம்பர் பிறந்ததும் ரொறன்ரோவில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும். டொன் பள்ளத்தாக்குப் பாதைகள் சேறாகிவிடும், ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ ஒரு பெரிய களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, உள்ளே மரப்பாதையும் குதிமேடையும் போட்டால் என்ன? நாங்கள் நான்கு பேர் ஒரு பனிக்காலம் முழுக்க இதையே கதைத்தோம். கடைசியில் திறக்கவில்லை. ஆனால் எங்கெங்கே சறுக்கும் என்பது ஓரளவு பிடிபட்டது.

எங்கள் முதல் பிழை, நண்பர்களின் உற்சாகத்தை வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்தது. வாட்ஸப் குழுவில் கேட்டபோது நாற்பது பேருக்குக் குறையாமல் "கட்டாயம் வருவோம்" என்றார்கள். சரி, ஆளுக்கு 50 டொலர் முன்பணம் தாருங்கள், திறக்காவிட்டால் திருப்பித் தருகிறோம் என்றோம். ஆறு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் என் மச்சான்.

இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்டில் உள்ள ரேஸ் (Ray's) என்ற உள்ளரங்கச் சைக்கிள் பூங்கா. ரே பெட்ரோ என்பவர் 2004இல் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அதைத் தொடங்கினார். பிறகு சைக்கிள் தயாரிக்கும் ட்ரெக் நிறுவனம் அதை வாங்கியது. ஒரு லட்சம் சதுர அடிக்கும் மேல். அதைப் பார்த்துவிட்டு "அங்கே ஓடுகிறது, இங்கே ஏன் ஓடாது" என்று கேட்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. ஒன்று, ரேஸ் குளிர்காலத்தை ஒட்டி நடக்கிற இடம். வெயில் வந்ததும் ஆட்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள், அந்த மாதங்களில் கதவைச் சாத்திவிட்டுப் பாதைகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவார்கள். இரண்டு, அதே பெயரில் மில்வாக்கியில் 2010இல் திறந்த இன்னொரு பூங்கா நிலைக்கவில்லை. ட்ரெக்கின் சொந்த மாநிலம், குளிருக்கும் குறைவில்லை, அப்படியிருந்தும் மூடினார்கள்.

இனி வாடகைக் கணக்கு. இதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள், நாங்களும் தடுமாறினோம். இங்கே களஞ்சிய வாடகையைச் சதுர அடிக்கு ஆண்டுக்கு இத்தனை டொலர் என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் சொத்துவரி, பராமரிப்பு, கட்டடக் காப்புறுதி என்று தனியாக ஒரு தொகை உண்டு. விளம்பரத்தில் முதல் எண் பெரிதாகத் தெரியும், இரண்டாவதைத் தேட வேண்டும். ஒரு பேச்சுக்கு 15 டொலரும் அதன் மேல் 4 டொலரும் என்று வைத்துக்கொள்வோம். 40,000 சதுர அடிக்கு ஆண்டுக்கு 7,60,000 டொலர். நுழைவுக் கட்டணம் 30 டொலர் என்றால் வாடகையை அடைக்க மட்டும் 25,000 பேருக்கு மேல் வர வேண்டும். உங்கள் பருவம் 26 வாரம். அப்படியென்றால் வாரத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர். வாரநாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர நாலு மணியாகும். ஆகவே அந்த ஆயிரமும் மாலைகளிலும் சனி ஞாயிறிலும் வந்து குவிய வேண்டும். சூடாக்கும் எரிவாயு, சம்பளம், மரம், வட்டி எதையும் இன்னும் நாங்கள் தொடவில்லை.

பக்கத்துக் களஞ்சியத்தில் பட்மின்டன் மண்டபம் எப்படி ஓடுகிறது என்று கேட்கலாம். ஒரு இரட்டையர் ஆடுகளம் 13.4 மீற்றர் நீளம், 6.1 மீற்றர் அகலம். அதற்குள் நான்கு பேர் ஆடுகிறார்கள், மணிக்கு மணி ஆள் மாறுகிறது, ஆடியிலும் ஆடுகிறார்கள், மார்கழியிலும் ஆடுகிறார்கள். சைக்கிள் பாதையில் அதே இடத்தை ஒருவர் இரண்டு நொடியில் கடந்து போகிறார். கட்டட உரிமையாளர் யாருக்குக் கொடுப்பார் என்பதையும் இதிலிருந்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உயரம். நாங்கள் பார்க்கப்போன ஒரு கட்டடத்தின் தாளில் 18 அடி என்று போட்டிருந்தது. உள்ளே போய் அளவுநாடாவை நீட்டியபோது, கூரை 18 அடிதான். ஆனால் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களும் எரிவாயு ஹீற்றரும் 14 அடியில் தொங்கின. ஐந்தடி உயரக் குதிமேடை, அதன் விளிம்பிலிருந்து சக்கரம் இன்னும் நான்கடி எழும்பும், சக்கரத்திலிருந்து தலைக்கவசம் வரை ஐந்தரை அடி. கூட்டிப் பார்த்தால் பதினாலரை. முகவர் எங்களையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்யலாமே" என்றார். தூண்களையும் எண்ணுங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே நேராக ஓடக்கூடிய நீளம்தான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் இடம். மொத்தச் சதுர அடி வாடகை கட்டுவதற்கு மட்டும்.

கட்டடம் பிடித்துவிட்டது என்று உடனே குத்தகையில் கையெழுத்து வைப்பது இன்னொரு பெரும் பிழை. தொழில்துறை நிலத்தில் பொழுதுபோக்கு இடம் நடத்த நகரசபையின் நிலப் பயன்பாட்டு விதி இடம் தர வேண்டும். அது தந்தாலும், களஞ்சியமாக இருந்ததை மக்கள் கூடும் இடமாக மாற்ற ஒன்ராறியோ கட்டட விதியின்படி பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். அவசர வெளியேறும் வழி, கழிப்பறை எண்ணிக்கை, தீத்தடுப்பு எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பார்கள். வாகனத் தரிப்பிடமும் போதாது என்பார்கள். அனுமதி கிடைத்தால்தான் குத்தகை செல்லும் என்று ஒரு நிபந்தனையைச் சட்டத்தரணியைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டுமான மாதங்களுக்கு வாடகை விலக்கும் கேளுங்கள், கேட்டால் சிலர் தருவார்கள்.

பாதை வடிவமைப்பில் நடக்கும் பிழை ஆசையால் நடப்பது. கட்டுகிறவர் நன்றாக ஓட்டுகிறவர், அதனால் தனக்குப் பிடித்த பெரிய குதிமேடைகளைக் கட்டுவார். காசு தருகிறவரோ எட்டு வயது மகளின் பிறந்தநாளுக்குப் பதினைந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மா. ரேஸில் ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு, பெண்களுக்கென்று தனி வார இறுதியும் நடத்தியிருக்கிறார்கள். மெத்தென்ற மேடு பள்ளங்களோடு வட்டமாக ஓடும் பம்ப் பாதை ஒன்று இருந்தால் ஆறு வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் ஒன்றாக ஓட்டலாம். வாடகைச் சைக்கிளும் தலைக்கவசமும் பயிற்சி வகுப்பும் இல்லாமல் இந்தக் கூட்டம் வராது. நம்மவர்கள் பரதநாட்டியத்துக்கும் கணித வகுப்புக்கும் நடுவே ஒரு மணி நேரம் கண்டுபிடித்துத்தான் பிள்ளையை இறக்கிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வையுங்கள்.

காப்புறுதியைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். விலை சொல்லும் நிறுவனமே கிடைக்காமல் போகலாம். எங்களுக்கு மூன்று முகவர்கள் பதிலே போடவில்லை. "காயம்பட்டால் வழக்குப் போடமாட்டோம் என்ற தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்" என்று பலர் சொல்வார்கள். பெரியவர் தனக்காகப் போடும் கையெழுத்து வேறு, பிள்ளைக்காகப் பெற்றோர் போடுவது வேறு. பெற்றோர் போட்ட அப்படியொரு கையெழுத்து பிள்ளையின் வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பறிக்காது என்று பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. ஒன்ராறியோ வேறு மாகாணம்தான், ஆனாலும் அந்தத் தாளை நம்பித் திட்டம் போட முடியாது.

மரம் தேய்கிற பொருள் என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள். பிளைவூட் விளிம்புகள் பிளக்கும், திருகாணி மேலெழும்பும், ரப்பர்த் தூசியும் மரத்தூசியும் படிந்து வழுக்கும். மண்ணில் கட்டினால் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் புழுதி. காலையில் ஒருவர் கையில் திருகியோடு ஒவ்வொரு பாதையாக நடந்து பார்ப்பது சம்பளத்துக்குரிய வேலை, பங்காளிகள் "நேரம் கிடைக்கும்போது" பார்க்கிற வேலை இல்லை. குத்தகையின் பின்பக்கத்தில், போகும்போது கட்டடத்தைப் பழையபடி ஆக்கித்தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். கொங்கிரீட் தரையில் நீங்கள் துளைத்த ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கும் செலவு உங்களுடையது. பழைய குதிமேடை மரத்தையோ யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை.