கல்வி உளவியலாளர் வருகிறார் என்றதும் பெற்றோர் செய்யும் தவறுகள்

பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வரும். பிள்ளைகள் படிப்பில் எங்கே, ஏன் திணறுகிறார்கள் என்று பார்க்கும் கல்வி உளவியலாளர் உங்கள் பிள்ளையைப் பார்க்க விரும்புகிறார், சம்மதித்துக் கையெழுத்திடுங்கள் என்று இருக்கும். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்த ஒற்றைத் தாள் கிளப்பும் கலவரம் கொஞ்சநஞ்சமில்லை. "பிள்ளைக்கு மூளையில ஏதோ குறைன்னு சொல்றாங்களா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் அன்றிரவே வாய்ப்பாடு ஒப்புவிக்கவைப்பார்.

வாய்ப்பாடு விஷயத்திலிருந்தே தொடங்கலாம், அதிகம் கெடுப்பது அதுதான். ஈபி என்று பள்ளிகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் இவர் மதிப்பெண் போட்டுப் பாஸ், ஃபெயில் சொல்ல வருபவர் இல்லை. பெரும்பாலும் முதலில் வகுப்பு ஆசிரியரிடமும், சென்கோ எனப்படும் சிறப்புக் கல்வித் தேவைகளை ஒருங்கிணைக்கும் ஆசிரியரிடமும் பேசுவார். வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து கவனிப்பார், பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டுவார், பிள்ளையோடு பேசுவார். சில சமயம் தேர்வே வைக்க மாட்டார்; அதற்காக ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வைத்தால் விஸ்க் என்ற அறிவுத்திறன் தேர்வு போன்ற ஒன்றாக இருக்கலாம். 6 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கான இதில் கட்டைகளை அடுக்குவது, எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, சொற்களுக்குப் பொருள் சொல்வது எல்லாம் வரும். எங்கே தடுமாறுகிறான் என்று பார்க்கத்தான் இத்தனையும். இணையத்தில் மாதிரி வினாக்களைத் தேடிப் பழக்கிவிட்டால் எண் உயரும், தடுமாற்றம் மறையும், உதவி கிடைக்காது. பழகிய தேர்வை உடனே மறுபடி வைத்தும் பயனில்லை.

பழக்குவதற்குப் பதிலாக நன்றாகத் தூங்கவிடுங்கள். கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் அன்று அது முகத்தில் இருக்கட்டும். "எது சுலபம், எது கஷ்டம்னு ஒருத்தர் கேட்பாங்க, உள்ளதைச் சொல்லு" என்றால் போதும்.

பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1913இல் அன்றைய லண்டன் உள்ளாட்சியான லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட் என்ற உளவியலாளரை நியமித்தது. பிரிட்டனில் இந்த வேலை அவரோடுதான் தொடங்கியது என்பார்கள். சாதாரணப் பள்ளிக்குச் சரிப்படாத பிள்ளைகளைச் சோதித்துப் பிரிப்பது அன்றைய வேலையில் பெரும் பங்கு. இன்று வேலை பெரும்பாலும் எதிர்த்திசையில் நடக்கிறது. இதே வகுப்பில் இந்தப் பிள்ளை படிக்க என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

அடுத்தது மறைப்பது. "வீட்ல எந்தப் பிரச்சினையும் இல்லைங்க." வெட்கமாக இருக்கலாம், சொந்தக்காரர்கள் காதுக்குப் போய்விடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். ஈபியின் அறிக்கை பள்ளிக்கும், கவுன்சில் எனப்படும் உங்கள் பகுதி உள்ளாட்சிக்கும் போகும். பெரியம்மா வீட்டுக்குப் போகாது. ஈபி உங்கள் பிள்ளையைப் பார்ப்பது சில மணி நேரம்தான். பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்து, வீட்டு வாசலில் கால் வைத்ததும் வெடிக்கிற பிள்ளைகள் நிறைய. பள்ளி "இங்கே நல்லாத்தான் இருக்கான்" என்று எழுதும். அது பொய்யும் இல்லை. மீதிக் கதைக்குச் சாட்சி நீங்கள் மட்டும்தான்.

எனவே சந்திப்புக்கு முன் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, ஞாயிறு இரவு எப்படிப் போகிறது, காலையில் சீருடை போட எத்தனை சண்டை, தூக்கம் எப்படி, முதல் சொல் எப்போது வந்தது, குறைமாதப் பிரசவமா, காதில் சீழ் வந்ததா. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ எழுத்துக்கூட்டிப் படிப்பது கஷ்டமாக இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புத் திணறல் குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. "ரொம்ப அடம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "செவ்வாய்க்கிழமை ஒரு பத்தி எழுத ஒரு மணி நேரம், பாதியில் பென்சிலை உடைத்தான்" என்றால் ஈபிக்கு எழுத ஏதாவது கிடைக்கும்.

தமிழை ஒளித்துவைப்பதும் நம் வீடுகளுக்கே உரிய தவறு. மரியாதையாக இருக்கும் என்று "வீட்லயும் இங்கிலீஷ்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலம் போதாமல் மட்டுமே படிப்பில் பின்தங்குவது சிறப்புக் கல்வித் தேவை ஆகாது என்று இங்கிலாந்தின் வழிகாட்டு விதிகளே சொல்கின்றன. ஆகவே தமிழிலும் அதே திணறல் இருக்கிறதா என்று ஈபிக்குத் தெரிந்தாக வேண்டும். பாட்டியிடம் தமிழில் கதையைக் கோவையாகச் சொல்கிற பிள்ளை ஒரு ரகம், இரண்டு மொழியிலும் சொல் கிடைக்காமல் நிற்கிற பிள்ளை இன்னொரு ரகம். ஆங்கிலச் சொல்வளத் தேர்வை மட்டும் வைத்தால் இரண்டு பேரும் ஒன்றாகவே தெரிவார்கள். உங்களுக்கு ஆங்கிலத்தில் விரிவாகப் பேச வராதென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அக்காவை உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அப்புறம், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமோ டிஸ்லெக்சியாவோ வருவதில்லை. தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டாக்டர் பட்டம் இருப்பதைப் பார்த்து இவரை மருத்துவர் என்று எண்ணுவோரும் உண்டு. இவர் மாத்திரை எழுத மாட்டார். ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுப் பிரச்சினை, ஆட்டிசம் என்று உறுதிசெய்வது பெரும்பாலும் குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர் சார்ந்த குழுவின் வேலை. அந்தச் சீட்டு வரட்டும் என்று காத்திருந்து ஆண்டுகளை இழப்பது பெரிய தவறு. பிள்ளைக்கு என்ன உதவி தர வேண்டும் என்று கவுன்சில் எழுதித் தரும் ஈஎச்சிபி என்ற கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைக் கேட்க மருத்துவக் கண்டறிதல் தேவையே இல்லை. 2014 சட்டப்படி பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். மதிப்பீடு தொடங்கினால் கவுன்சில் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டிய ஆலோசனைகளில் ஈபியுடையதும் ஒன்று.

தனியாகப் பணம் கொடுத்துப் பார்ப்பவர்கள் பெயரைச் சரிபாருங்கள். பிரிட்டனில் வெறுமனே 'உளவியலாளர்' என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். 'கல்வி உளவியலாளர்' என்பது எச்சிபிசி என்ற தொழில் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் உள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தக்கூடியது. பதிவேட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். "இந்தப் பொண்ணு டீச்சரா இருந்ததே இல்லையாமே" என்று ஒதுக்கவும் வேண்டாம். முன்பு இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்தவர்கள்தான் இதற்கு வர முடியும். 2006 வாக்கில் அது மாறி, உளவியல் படிப்பும் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவமும் உள்ளவர்கள் மூன்றாண்டு முனைவர் பயிற்சி முடித்து வருகிறார்கள். டிஸ்லெக்சியா மட்டும்தான் கேள்வி என்றால், தகுதிபெற்ற சிறப்பு ஆசிரியரும் மதிப்பிடலாம். தனியார் அறிக்கையைக் கவுன்சில் கணக்கில் எடுக்க வேண்டும். அதிலுள்ளதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அறிக்கை வந்ததும் எண்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். பரிந்துரைப் பகுதிதான் காசு பெறும். "கூடுதல் ஆதரவு இருந்தால் பயன்பெறுவான்" என்ற வாக்கியத்தை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. "வாரம் மூன்று முறை, 20 நிமிடம், பயிற்சி பெற்றவர், தனியாக" என்றிருந்தால் கேட்கலாம். மங்கலாக இருந்தால் ஈபியிடமே விளக்கம் கேளுங்கள். ஈஎச்சிபி வரைவு கைக்கு வந்தால், தரப்போகும் உதவியைச் சொல்லும் 'எஃப்' பிரிவில் இந்த விவரங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். கருத்துச் சொல்ல குறைந்தது 15 நாள் தர வேண்டும்.

நாள் கணக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு செய்வார்களா இல்லையா என்ற பதில் 6 வாரத்தில் வர வேண்டும். எல்லாம் முடிந்து திட்டம் 20 வாரத்தில் வர வேண்டும். நடைமுறையில் தாமதம் சகஜம், அதனால் கவுன்சிலுக்கு எழுதுவதை எல்லாம் மின்னஞ்சலில் எழுதுங்கள். மறுத்துவிட்டால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய, பொதுவாக முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதம். இவை இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. மேல்முறையீட்டுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று அங்கேயே கேட்கலாம்.