வீடு மாறும்போது பூனையைக் கூட்டிப்போவது எப்படி

“பூனை வீட்டோடுதான் இருக்கும், ஆளோடு வராது” என்று சொல்லி, வீட்டைக் காலி செய்யும்போது பூனையை அங்கேயே விட்டுவிட்டு வருபவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். கேரள மலையில் நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்ட லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளைகள் படிப்புக்காகக் கீழே தேனி மாவட்டத்துக் கம்பத்துக்குக் குடிவந்தபோது என் மாமியாரும் அதையேதான் சொன்னார். ஆனால் எங்கள் பூனை செவலை வந்தது, நன்றாகவே இருக்கிறது. பூனைக்கு முன்னால் அதன் வாடை புது வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அது படுக்கும் சாக்கையும் பழைய சேலையையும் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பூனையின் கன்னத்தில் வாடைச் சுரப்பிகள் உண்டு. வாசல் நிலையிலும் நம் காலிலும் அது முகத்தை உரசுவது தன் வாடையைப் பூசிவைக்கத்தான். காய்ந்த பருத்தித் துணியால் கன்னத்தை மெல்லத் துடைத்து, அந்தத் துணியைப் புது வீட்டின் நிலை, கட்டில் கால், சுவர் மூலை எல்லாவற்றிலும் பூனை உயரத்துக்குத் தேய்த்துவிடுங்கள்.

பழைய வீட்டுக்குப் பின்னால் அது வழக்கமாகத் தோண்டும் இடத்து மண்ணையும் ஒரு சட்டி அள்ளி வாருங்கள். மலை மண் கறுப்பாக, இலை மக்கிய ஈரத்தோடு இருக்கும். கம்பத்து மணலை முகர்ந்துவிட்டுத் திரும்பிப்போன செவலை, அந்த மண்ணை அது வெளிக்குப் போக வைத்த பேசினில் போட்டதும் இறங்கித் தோண்டியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இங்குள்ள மணலைக் கலந்துகொண்டோம்.

குடிபோகும் வீட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவுவது நம் வழக்கம். பூனை வரும் வீட்டில் அது கூடவே கூடாது. பூனைக்கு அது விஷம். காலில் ஒட்டியதை நக்கி நக்கியே உள்ளே போய்விடும். அலமாரியில் பாச்சை உருண்டையும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

சாக்கில் கட்டித் தூக்கிவராதீர்கள். காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, மேலே அந்தச் சேலையைப் போர்த்துங்கள். கம்பம்மெட்டு மலைப்பாதை இறக்கத்து வளைவுகளில் மனிதர்களுக்கே குமட்டும். அதனால் கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். எவ்வளவு கத்தினாலும் வழியில் பெட்டியைத் திறக்காதீர்கள்.

பால் காய்ச்சும் நாளில் கூட்டமும் புகையும் இருக்கும். எல்லோரும் கிளம்பிய பிறகு பூனையைக் கொண்டுவருவதே நல்லது. வந்ததும் ஒரே அறையில் விடுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். என் மகள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தினமும் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். ஒரு சாயங்காலம் மூக்கு மட்டும் வெளியே வந்து அவள் பாவாடை நுனியை முகர்ந்தது. சிறிது நேரத்தில் ஒரு முன்னங்கால் வந்தது. அவள் அசையாமல் படித்துக்கொண்டே இருந்தாள். பெரியவர்களான எங்களுக்கு அந்தப் பொறுமை வந்திருக்காது.

சாப்பாடு பழையதேதான்: அவித்த மத்தியும் சோறும். பாசத்தில் பால் ஊற்ற வரும் அத்தைமார்களைப் பக்குவமாகத் தடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கலக்கிவிடும். மலையிலிருந்து இறங்கியதற்குக் கம்பத்து வெயில் அதிகம், இரண்டு இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடுவன் பூனை மணலில் திரும்பத் திரும்பக் குந்தியும் மூத்திரம் வராமல் முக்கினால், அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பயத்தில் அப்படி அடைத்துக்கொள்வது உண்டு, தாமதித்தால் உயிர் போய்விடும்.

இரண்டு மூன்று வாரம் வெளியே விடாதீர்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். அதற்குள், தட்டைத் தட்டினால் சோறு என்று பழக்கிவிடுங்கள். முதல் தடவை வெளியே விடுவது சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பசியோடு இருக்கும்போது. அப்படியும் காணாமல் போனால், பெரும்பாலும் பக்கத்திலேயேதான் ஒளிந்திருக்கும். ஊர் அடங்கிய பிறகு டார்ச்சோடு போய், மாடிப்படி அடியிலும் விறகு அடுக்கின் சந்திலும் தட்டைத் தட்டிக்கொண்டே தேடுங்கள். உள்ளூரிலேயே வீடு மாறியவர்கள் பழைய தெருக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.