பழைய நீலப்படங்களை டிஸ்க்கில் கொண்டுவரும்போது நடக்கும் தவறுகள்

1970களில் அமெரிக்காவில் நீலப்படங்களைத் தியேட்டரில் டிக்கெட் வாங்கித்தான் பார்த்தார்கள். 35 எம்.எம்., 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்த படங்கள் அவை. கதையும் நல்ல ஒளிப்பதிவும் உள்ளவையும் அவற்றில் உண்டு. இயக்குநர் ராட்லி மெட்ஸ்கர் ‘ஹென்றி பாரிஸ்’ என்ற புனைபெயரில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் தழுவி எடுத்த ‘தி ஓப்பனிங் ஆஃப் மிஸ்டி பீத்தோவன்’ 1976இல் வந்தது. 2012இல் அதைச் சீராக்கி ப்ளூ-ரேயில் வெளியிட்டார்கள். எல்லாப் படங்களுக்கும் அந்த அக்கறை கிடைப்பதில்லை. ‘இந்தப் படத்துக்கு இது போதும்’ என்ற நினைப்பில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

கைக்குக் கிடைத்த பிரிண்ட்டையே, அதாவது தியேட்டரில் ஓட்டிய பிரதியையே, ஸ்கேன் செய்துவிடுவது முதல் தவறு. ஓடித் தேய்ந்த பிரிண்ட்டில் கீறலோடு நிறமும் போயிருக்கும். அந்தக் கால ஈஸ்ட்மேன்கலர் பிரிண்ட்களில் பச்சைநீலச் சாயம் சீக்கிரம் மங்கி, படம் முழுக்க ரோஸ் நிறமாகக் கிடக்கும். போன சாயத்தை கலர் கிரேடிங்கால், அதாவது கணினியில் நிறத்தைச் சரிசெய்து, முழுசாக வரவழைக்க முடியாது. அதனால் கேமரா நெகட்டிவை, அதாவது படம்பிடித்தபோது கேமராவில் ஓடிய மூல ஃபிலிமை, தேடுங்கள். பழைய லேப், விநியோகஸ்தர் குடோன் என்று எங்கேயாவது இருக்கலாம்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் அடித்தால், அசிட்டேட் ஃபிலிம் அழிய ஆரம்பித்துவிட்டது. அதை மற்ற ரீல்களோடு வைக்காதீர்கள், அந்த ஆவி அவற்றையும் கெடுக்கும். சுருங்கிய ஃபிலிமைப் பல்சக்கரம் உள்ள மெஷினில் ஓட்டினால் ஓரத் துளைகள் கிழியும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான் வேண்டும்.

எனக்கு அதிக வருத்தம் தருவது, ஃபிலிமில் பொடிப்பொடியாகத் தெரியும் கிரெயினை எடுத்துவிட்டுப் படத்தை வழுவழுவென்று ஆக்குவதுதான். குறைந்த வெளிச்சத்தில், பல சமயம் 16 எம்.எம்.மில் எடுத்த காட்சிகளில் கிரெயின் அதிகம் தெரியும். அது அழுக்கு இல்லை, படமே அதனால்தான் ஆனது. அதைத் துடைத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும், தலைமுடி ஒரே கறுப்புப் பட்டையாகத் திரளும். தூசியை எடுக்க மென்பொருளைத் தானாக ஓடவிட்டுவிட்டுப் போவதும் ஆபத்து. ஒரே ஒரு ஃப்ரேமில் மின்னி மறையும் எதையும் அது தூசி என்றே எடுத்துக்கொள்ளும். காதுத் தோட்டின் பளபளப்பும், ஷவரில் தெறிக்கும் நீர்த்துளியும் அப்படித்தான் காணாமல் போகின்றன. ஒவ்வொரு ஷாட்டாக ஆள் உட்கார்ந்து சரிபார்க்கத்தான் வேண்டும். அப்புறம், ஒரே டிஸ்க்கில் மூன்று படங்களைத் திணித்தால் பிட்ரேட் (ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் டேட்டா அளவு) போதாமல் கிரெயின் கட்டம் கட்டமாக உடையும். அவ்வளவு வேலையும் அங்கே வீண்.

எந்த வடிவம் முழுமையானது என்று பார்க்காமல் வெளியிடுவதும் உண்டு. ஒரே படத்துக்கு வெளிப்படையான வடிவம் ஒன்று, மிதமான வடிவம் ஒன்று என்று இரண்டு வெட்டுகள் சுற்றின. பிரிண்ட்களில் அங்கங்கே துண்டுகளும் காணாமல் போயிருக்கும். நெகட்டிவில் இல்லாத காட்சியை வேறு பிரிண்ட்டிலிருந்து எடுத்துச் சேருங்கள். தரம் குறைந்தாலும் பரவாயில்லை, எங்கிருந்து எடுத்தது என்று டிஸ்க்கில் சொல்லிவிடுங்கள். ஃப்ரேம் விகிதமும் முக்கியம். மேலும் கீழும் மறைத்து 1.85 விகிதத்தில் (உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலம்) காட்ட எடுத்த படத்தை முழுசாகத் திறந்தால் மேலே மைக் எட்டிப் பார்க்கும்.

உரிமை விஷயத்தில் ‘யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று இருந்துவிடக் கூடாது. 1978க்கு முன் காப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியான படங்கள் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகியிருக்கலாம். ஆனாலும் அதில் வரும் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இருக்கலாம்.

நடித்தவர்களில் பலர் புனைபெயரில்தான் நடித்தார்கள், பிறகு வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டார்கள். கூடுதல் தகவல் தருகிறோம் என்று அவர்களின் உண்மைப் பெயரை அட்டையிலோ கையேட்டிலோ அச்சிடாதீர்கள். பேட்டிக்கு அவர்களே முன்வந்தாலும், எந்தப் பெயரைப் போடலாம் என்று கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.